பத்துக்கு ஆறு

பழைய தாராபுரம், பன்னிரண்டு படங்கள்,
எடுத்த இடத்திலேயே வீதியில் கட்ட.
பத்துக்கு ஆறு ஃபிளெக்ஸ்,
சதுர அடி பதினெட்டு ரூபாய்,
ஓரத்தில் கண் அடித்துத் தரவேண்டும்.
சென்னியப்பன் அட்வான்ஸ் கொடுத்துப் போனார்.
விழாக் கமிட்டி.

ஒரு பிஸ்கட் டப்பாவில் வந்தன படங்கள்
காய்ந்த வெற்றிலைபோல் ஓரம் சுருண்டு.
முன்சீப் கோர்ட்டுப் படியில் ஆடு படுத்திருக்கிறது.
பஞ்சு மண்டி முன்னால்
முதுகில் அடுப்பைச் சுமந்த கரி பஸ்.
பாதி கட்டிய பாலம்,
மீதிப் பாதிக்கு வெறும் வானம்.
கடைப் பலகை ஒன்றில் கொம்பு உதிர்ந்து
'சோடா' 'சாடா' ஆகியிருக்கிறது.
அதை நான் திருத்தவில்லை.

எனக்குத் தெரிவது பூஞ்சை, கீறல்,
கரப்பான் அரித்த இடம்.
இருக்கிற வானத்தில் கொஞ்சம் எடுத்து
இல்லாத வானத்தில் ஒட்டுவேன்.
அவ்வளவுதான் வேலை.

ஒன்பதாவது, தேர்வீதி.
இரண்டு பக்கமும் மச்சு வீடுகள்.
நடுவில் குடையோடு ஒருவர்,
கேமராவுக்கென்றே நின்றிருக்கிறார்.
இடது ஓரத்தில் இன்னொரு ஆள்.

திரையில் விரல் வைத்தார் சென்னியப்பன்:
"குடை புடிச்சிருக்கறவரு
எங்க அப்பாருக்கு அண்ணனுங்.
அந்த ஓரத்துல நிக்கறவனெ மட்டும்
எடுத்துப் போடுங்.
வீதி வெறிச்சுனு அம்சமா இருக்குமுங்."
"செரீங்க" என்றேன்.

ராத்திரி பதினொன்றுக்கு அவனைப் பெரிதாக்கினேன்.
நானூறு சதவீதத்தில் சட்டையில்லாத தோள்.
எண்ணூறில், கையில் ஏதோ.
மடித்த பையா, கோழியா,
சந்தையில் வாங்கிய கருவாடா என்று
ஒவ்வொன்றாய் வைத்துப் பார்த்தேன்.
ஆயிரத்து அறுநூறில்
எல்லாம் சதுரம் சதுரமாய் உடைந்துபோனது.
நாற்காலியைப் பின்னால் தள்ளிக்
கண்ணைச் சுருக்கிய பிறகுதான் தெரிந்தது
வார்.
இரண்டு வார்.
ஒரு ஜோடிச் செருப்பு.

குடைக்காரரின் நிழலைப் பார்த்தேன்.
காலடியிலேயே சுருண்டு கிடந்தது.
உச்சிவேளை.
படத்தின் பின்னால் ஊதா மையில்
பங்குனி என்று எழுதியிருக்கிறது.
குடைக்காரர் காலில் பூட்ஸ்.
செருப்பு வைத்திருக்கிறவன்
வெறுங்காலோடு நிற்கிறான்.
ஒரு காலை அவனால் ஆட்டாமல் இருக்க முடியவில்லை,
அது மட்டும் இரண்டு காலாய்ப் பதிந்திருக்கிறது.

க்ளோன் டூலின் வட்டத்தைப் பெரிதாக்கினால்
நாலு அழுத்தில் முடிகிற காரியம்.
பக்கத்து மண்ணை எடுத்து
அவன்மேல் போடவேண்டும்.
போட்டேன்.
முழங்கால் வரை போட்டேன் என்பதையும்
சொல்லிவிடுகிறேன்.
பிறகு கண்ட்ரோல் இசட்.
பிரிண்ட் கொடுத்துவிட்டுக் கடையைச் சாத்தினேன்.
சுருட்டிக் கொண்டுபோனவர்கள்
பிரித்துப் பார்க்கவில்லை.

காலை ஒன்பதுக்கு விழா.
விருந்தினர் கார் வெள்ளகோவிலில் பஞ்சராகிப்
பன்னிரண்டேகால் ஆனது.
பந்தலுக்கு வெளியே,
தேர்வீதி முக்கில் குத்துவிளக்கு.
எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு
வரிசையாய் நின்றார்கள்.
போன வாரம் போட்ட தார்.
காற்றில் திரி பிடிக்கவில்லை.
ஒரு குச்சி. இரண்டு. ஐந்து.
சென்னியப்பன் வலது காலைத் தூக்கி
இடது கால்மேல் வைத்தார்.
மாற்றி, இடதை வலதின்மேல்.
"வெரசா பத்த வைங்கப்பா,
காலு வேகுதில்ல?"

அவருக்கு நேர் பின்னால்
சவுக்குக் கம்பில் கட்டிய ஒன்பதாவது படம்.
காற்றுக்கு அதுவும் கொஞ்சம் ஆடியது.
ஒருத்தரும் திரும்பவில்லை.

மறுநாள் பேப்பரில் வந்தது,
விளக்கு, சால்வை, சிரிப்பு.
இடம் போதவில்லையோ என்னமோ
அத்தனை பேரையும்
முழங்காலோடு வெட்டியிருந்தார்கள்.

பாக்கி நாலாயிரத்து இருநூறு.
வெயில் தாழ்ந்த பிறகு
கேட்கப் போகவேண்டும்.